ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பியானோவின் பக்கம் திரும்பிய எவருக்கும் சில மாதங்களுக்குள் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் என்ற ரஷ்யக் கலைஞரின் பெயர் வந்து சேர்ந்துவிடும். அதோடு ஒரு குழப்பமும் சேர்ந்தே வரும். இசைச் செயலிகளில் அந்தப் பெயரைத் தேடினால், ஒரே சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட, பெரும்பாலும் தனிப் பியானோவுக்கான படைப்பு) பல முறை, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் வாசிக்கப்பட்டு, வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளைத் தாங்கி வரிசைகட்டி நிற்கும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று தெரியாமல், கைக்கு வந்ததை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, இவருக்கா இவ்வளவு புகழ் என்று நகர்ந்துவிடுவோர் உண்டு. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

குழப்பத்துக்குக் காரணம் ரிக்டரின் சுபாவம்தான். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் ஒன்று விடாமல் பதிவுசெய்து ஒரு பெட்டியில் அடுக்கித் தரும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. புரோகோஃபியெவின் ஒன்பது சொனாட்டாக்களில் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டார்; பீத்தோவனின் ஐந்து பியானோ கான்செர்ட்டோக்களில் (ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய இசைக்குழுவோடு பியானோ வாசிக்கும் படைப்புகளில்) முதலாவதையும் மூன்றாவதையும் வாசித்தார், புகழ்பெற்ற நான்காவதையும் ஐந்தாவதையும் தொடவில்லை; ரக்மானினோவின் நான்கு கான்செர்ட்டோக்களில் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஒலிப்பதிவுக் கூடம் அவருக்குச் சலிப்பைத் தந்தது. அரங்கமும் அன்றைய மாலையுமே அவருக்குப் பொருட்டாக இருந்தன. ஆகவே அவரைக் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது எந்த நாள், எந்த ஊர் என்பதைத்தான். எந்த நிறுவனத்தின் வெளியீடு என்ற கேள்வி பிறகு வரட்டும்.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாழ்க்கை வரலாறு முழுவதையும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. சில ஆண்டுகளை மனத்தில் வைத்தால் போதும்.

1915 மார்ச் 20 அன்று, இன்றைய உக்ரைனில் உள்ள ஜிட்டோமிரில் பிறந்தார். ஜெர்மானிய வம்சாவளியில் வந்த தந்தை வியன்னாவில் இசை பயின்றவர். ஒதெஸ்ஸாவில் லூத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், இசைக் கல்லூரியில் கற்பித்தார். மகனோ முறையான பியானோப் பயிற்சி ஏதுமின்றி, ஓபராக்களின் இசைக்குறிப்புகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே வாசித்துப் பழகினான். பதின்ம வயதிலேயே ஒதெஸ்ஸா ஓபராவில் பாடகர்களின் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். இந்த ஒரு செய்தியை மறக்காமல் வைத்திருங்கள். பத்து விரல்களால் முழு ஆர்கெஸ்ட்ராவையும் கொண்டுவர வேண்டிய வேலையில் வளர்ந்தவர் என்பதால்தான், பின்னாளில் அவர் கையில் பியானோ அத்தனை நிறங்களில் ஒலிக்கிறது.

1937இல், 22 வயதில், மாஸ்கோ இசைக் கல்லூரிக்கு வந்து ஹென்ரிக் நெய்காவுஸ் என்ற ஆசிரியரின் முன் வாசித்தார். நெய்காவுஸ் அவரை உடனே ஏற்றுக்கொண்டார். அரசியல் பாடங்களுக்குப் போக மறுத்ததால் கல்லூரி ரிக்டரை வெளியேற்றியபோதும் ஆசிரியர் விடவில்லை. திரும்ப அழைத்துவந்தார், தன் வீட்டிலேயே தங்க இடம் கொடுத்தார். பின்னாளில் புகழ்பெற்ற பியானோ கலைஞரான எமில் கிலேல்ஸும் இதே ஆசிரியரின் மாணவர்தான்.

1941இல் ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது படையெடுத்தபோது, ஜெர்மானியப் பெயர் கொண்ட தந்தையை ஒதெஸ்ஸாவில் கைதுசெய்து சுட்டுக் கொன்றார்கள். ரிக்டர் அப்போது மாஸ்கோவில் இருந்தார். தாய் பின்னர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகனும் தாயும் மீண்டும் சந்தித்தது 1960இல்தான். ரிக்டர் இதைப் பற்றி மேடையிலோ பேட்டிகளிலோ பெரிதாகப் பேசியவரல்லர், நாமும் ஒவ்வொரு சோகமான சுரத்துக்கும் இதைக் காரணமாகக் காட்டத் தேவையில்லை. ஆனாலும் போர்க்காலத்தில் அவர் வாசித்த இசையைக் கேட்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

முதற்படி: ஆர்கெஸ்ட்ராவோடு தொடங்குங்கள்

தனிப் பியானோவை ஒரு மணி நேரம் கேட்கப் பழகாத காதுக்கு கான்செர்ட்டோதான் எளிய வாசல். 1961இல் லண்டனில் கிரில் கோண்ட்ராஷின் நடத்த, லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு ரிக்டர் பதிவுசெய்த லிஸ்ட்டின் இரண்டு கான்செர்ட்டோக்களும் சேர்ந்தே நாற்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஒலித்தரமும் மிக நன்று. இரைச்சலோ இருமலோ இல்லை. வேகமும் வலுவும் தேடி வருபவருக்கு அவை முதல் நிமிடத்திலேயே கிடைக்கும். இரண்டாவது முறை கேட்கும்போது, ஆர்கெஸ்ட்ரா அடங்கி ஒரே ஒரு வாத்தியம் மெல்ல வாசிக்கும் இடங்களில் அவர் எவ்வளவு பின்வாங்கித் துணைநிற்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது 1959இல் வார்சாவில், ஸ்தானிஸ்லாவ் விஸ்லோத்ஸ்கி நடத்திய இசைக்குழுவோடு செய்த ரக்மானினோவின் இரண்டாம் கான்செர்ட்டோ. பியானோ மட்டும் தனியே தொடங்கும் அந்த முதல் சில நாதத் திரள்களை (பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பவை) ரிக்டர் வழக்கத்தைவிட மிக நிதானமாக, ஒவ்வொன்றும் கனம் கூடிக்கொண்டே வரும்படி வாசிக்கிறார். ரக்மானினோவே வாசித்த பழைய பதிவும் கிடைக்கிறது. அதில் அதே இடம் விரைவாகக் கடந்து போகும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், காலப்பிரமாணத்தை ஒரு கலைஞர் எந்த அளவுக்குத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியும் என்பது விளங்கும். இந்த விளக்கம் பின்னால் ஷூபெர்ட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

இரண்டாம் படி: சோஃபியா, 1958

இனி தனிக் கச்சேரி. 1958 பிப்ரவரியில் பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் ரிக்டர் வாசித்ததை வானொலி பதிவுசெய்தது. மேற்கு நாடுகளுக்குப் போக அவருக்கு அப்போது அனுமதி இல்லை. வெளியுலகம் அவரை அறிந்ததில் இந்தப் பதிவுக்குப் பெரும் பங்கு உண்டு. குளிர்காலம், அரங்கம் முழுக்க இருமல், பியானோவும் சிறந்ததன்று. ஹெட்ஃபோனில் கேட்டால் இருமல் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதால், முதல் தடவை ஒலிபெருக்கியில் கேட்பது நல்லது.

கச்சேரியின் பெரும்பகுதி முஸ்ஸோர்க்ஸ்கியின் ‘ஒரு கண்காட்சியின் சித்திரங்கள்’. இறந்துபோன நண்பரான ஓவியரும் கட்டடக் கலைஞருமான விக்டர் ஹார்ட்மனின் நினைவுக் கண்காட்சியைப் பார்த்த பின்பு, 1874இல் முஸ்ஸோர்க்ஸ்கி பியானோவுக்காகவே எழுதியது. 1922இல் ராவெல் அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். இன்று பலர் அறிந்திருப்பது அந்த வடிவத்தைத்தான். ரிக்டருக்கு அந்த மாற்றம் அறவே பிடிக்கவில்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. சோஃபியாப் பதிவைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது: மாட்டுவண்டியைக் காட்டும் சித்திரத்தில் வரும் அந்த முரட்டுக் கனத்தை எந்த ஊதுவாத்தியமும் எனக்குத் தந்ததில்லை.

கேட்கும் முறை இதுதான். முதலில் ‘நடை’ என்ற மெட்டைப் பழக்கிக்கொள்ளுங்கள்; பார்வையாளர் ஒரு சித்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதைக் காட்டும் அந்த மெட்டு இடையிடையே மாறுவேடத்தில் திரும்பி வரும். அதை அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்துவிட்டால் முப்பது நிமிடங்களும் பிடிமானத்தோடு நகரும். ரிக்டர் இந்த நடையை அலங்காரமின்றி, கொஞ்சம் வேகமாகவே வாசிப்பார். நின்று ரசிக்கும் இடம் சித்திரங்களுக்கு உரியது என்பது அவர் கணக்கு. பிறகு அதே கச்சேரியில் வரும் லிஸ்ட்டின் ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்ற எட்யூடைக் (விரல்பயிற்சியாக எழுதப்படும் சிறு படைப்பு) கேளுங்கள். பியானோ கற்றவர்கள் இதைக் கேட்டுத் தலையில் கைவைப்பார்கள். கல்லாதவருக்கு அது வெறும் மினுமினுப்பாகக் கேட்கும். மிகக் கடினமானதை மெல்லிய குரலில் சொல்வது அவருடைய குணம் என்பதால், இரண்டு எதிர்வினைகளும் சரியானவையே.

மூன்றாம் படி: புரோகோஃபியெவ்

தன் காலத்து இசையமைப்பாளர் ஒருவரோடு நேரடியாகப் பழகி, அவருடைய புதிய படைப்புகளை முதன்முதலாக மேடையேற்றியவர் என்ற முறையில் ரிக்டரைக் கேட்பது இன்னோர் அனுபவம். புரோகோஃபியெவின் ஆறாவது சொனாட்டாவை 1940 நவம்பரில் வாசித்தபோது அவர் இன்னும் மாணவர். 1941 மார்ச்சில் ஐந்தாம் கான்செர்ட்டோவைப் புரோகோஃபியெவே நடத்த ரிக்டர் வாசித்தார். ஏழாவது சொனாட்டா அரங்கேறியது 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில். கையெழுத்துப் பிரதி வந்த நான்கு நாட்களில் பாடம் செய்ததாக ரிக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது சொனாட்டாவைப் புரோகோஃபியெவ் அவருக்கே காணிக்கையாக்கினார். 1951இல் அதையும் அவரே அரங்கேற்றினார்.

தொடங்க வேண்டியது ஏழாவதில், அதுவும் கடைசிப் பகுதியில். மூன்று நிமிடங்களைச் சற்றே தாண்டும் அந்தப் பகுதி ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. மிஸ்ர சாபுவுக்குப் பழகிய காது ஏழை மூன்றும் நான்குமாகப் பிரித்தே எண்ணத் தொடங்கும். இங்கே அது இரண்டு, மூன்று, இரண்டு என்று பிரிகிறது. அப்படிக் கையில் எண்ணிக்கொண்டு கேட்டால் இடக்கையின் விடாப்பிடி எங்கிருந்து வருகிறது என்பது புலப்படும். பல பியானோக் கலைஞர்கள் இதை ஓட்டப்பந்தயமாக்கி முடிவதற்குள் களைத்துவிடுகிறார்கள். ரிக்டர் எடுத்த வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் கடைசிவரை வைத்திருந்து, ஒலியை மட்டுமே ஏற்றிக்கொண்டு போகிறார்.

பிறகு எட்டாவது. இதை 1944இல் அரங்கேற்றியவர் கிலேல்ஸ். ஆனாலும் ரிக்டர் 1961இல் லண்டனில் செய்த பதிவு தவறவிடக் கூடாதது. முதல் பகுதி நீளமானது, மெட்டு எளிதில் பிடிபடாதது. பொறுமை குறைவாக இருந்தால் நடுப்பகுதியிலிருந்து தொடங்கலாம். ஆறாவதை 1960 அக்டோபர் நியூயார்க் கச்சேரியில் கேட்கலாம்.

நான்காம் படி: ஷூபெர்ட்டுக்காக ஒரு மாலை

ரிக்டரின் பெயரைச் சொன்னால் என் நினைவுக்கு முதலில் வருவது ஷூபெர்ட்தான். அதனால்தான் இதை முதலில் வைக்கவில்லை: ஆயத்தமில்லாமல் கேட்பவரை இது விரட்டிவிடக்கூடும்.

ஷூபெர்ட் 1828 செப்டம்பரில் மூன்று பெரிய சொனாட்டாக்களை முடித்தார். நவம்பரில் 31 வயதில் இறந்தார். மூன்றில் கடைசியான பி ஃபிளாட் மேஜர் சொனாட்டா, ஷூபெர்ட் படைப்புகளின் பட்டியலில் டி 960 என்ற எண்ணோடு இருக்கும். அதன் முதல் பகுதிக்கு ஷூபெர்ட் எழுதிய குறிப்பு ‘மிக மிதமான வேகம்’ என்பது. பொதுவாக மற்றவர்கள் இதைச் சுமார் இருபது நிமிடங்களில் முடிப்பார்கள், முதல் பாதியைத் திரும்ப வாசிக்காவிட்டால் இன்னும் குறைவு. ரிக்டர் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ இருபத்து நான்கு நிமிடங்கள். சிலருக்கு இது தவம், சிலருக்கு இது பிடிவாதம்; இரண்டு தரப்பிலும் நல்ல காதுடையவர்கள் இருக்கிறார்கள்.

1972இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த பதிவிலிருந்து தொடங்குங்கள். ஒலி தெளிவாக இருக்கும். விளக்கை அணைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, கைப்பேசியை வேறு அறையில் வைத்தால் போதும். மெட்டு ஒரு சுற்று முடியும் இடத்தில், பியானோவின் கீழ்க்கோடியில் மிக மெல்லிய ஓர் அதிர்வு, ஜி ஃபிளாட்டில், வந்து போகும். பிறகு மௌனம். இந்தப் பகுதியின் கதை முழுவதும் அந்த அதிர்வு எப்போது, எந்த வலுவோடு திரும்பும் என்பதில் இருக்கிறது. முதல் பாதியின் முடிவில், திரும்ப வாசிப்பதற்காக ஷூபெர்ட் தனியே எழுதிய ஒன்பது அளவைகள் (தாள ஆவர்த்தனம் போன்ற அலகுகள்) உண்டு. அங்கே அதே அதிர்வு முழுக் குரலில் உறுமும். திரும்ப வாசிக்காத கலைஞர்களின் பதிவில் இந்த ஒன்பது அளவைகளும் இடம்பெறுவதே இல்லை. ஆல்ஃப்ரெட் பிரெண்டல் போன்ற பெரிய ஷூபெர்ட் கலைஞரே இவற்றை வேண்டாமென்று ஒதுக்கியவர். ரிக்டரோ இசையமைப்பாளர் திரும்ப வாசிக்கச் சொன்னதை வாசிக்காமல் விடுவதை ஒரு குற்றம்போலக் கருதியவர். இந்தச் சர்ச்சையில் நான் ரிக்டர் பக்கம்.

1957இல் மாஸ்கோவுக்கு வந்திருந்த கனடிய பியானோ கலைஞர் கிளென் கூல்ட், இதே சொனாட்டாவை ரிக்டர் வாசிக்கக் கேட்டார். ஷூபெர்ட்டின் நீளத்தையும் திரும்பத் திரும்ப வரும் அமைப்பையும் பொறுக்காதவர் கூல்ட். அவ்வளவு மெதுவான வேகத்தில் அதைக் கேட்டபோது தான் கட்டுண்டு போனதாகப் பிற்காலத்தில் அவரே விவரித்தார். ரசனையில் நேர் எதிரான ஒருவர் தந்த சான்று என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள், காப்புரிமை முடிந்த குறிப்புகளை இலவசமாகத் தரும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இதை இறக்கிக்கொண்டு கண்ணால் தொடரலாம். தெரியாதவர்கள் ஒரு தாளில் அந்த அதிர்வு வரும் நிமிடங்களை மட்டும் குறித்துக்கொண்டு வந்தாலே, மூன்றாவது முறை கேட்கும்போது மொத்த வடிவமும் புரிந்துவிடும்.

ஐந்தாம் படி: அமெரிக்கா, 1960

1960 அக்டோபர் 15 அன்று சிகாகோவில், எரிக் லைன்ஸ்டோர்ஃப் நடத்த, பிராம்ஸின் இரண்டாம் கான்செர்ட்டோவோடு ரிக்டரின் அமெரிக்க வருகை தொடங்கியது. நான்கு நாட்களுக்குப் பின் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பீத்தோவன் மட்டுமே அடங்கிய கச்சேரி. அப்போது அவருக்கு 45 வயது. மற்றவர்கள் இருபதுகளில் காணும் மேற்குலக மேடையை அரசு அவருக்கு அதுவரை தரவில்லை. பதற்றம் அந்தப் பதிவுகளில் கேட்கும்: விரல்கள் சில இடங்களில் தவறுகின்றன, வேகம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. எனக்கு அவை பிடிக்கும்; ரிக்டருக்குப் பிடிக்கவில்லை.

சிகாகோ இசைக்குழுவோடு அந்த வாரமே பதிவான அந்த பிராம்ஸ் கான்செர்ட்டோ கிராமி விருது பெற்றது. ரிக்டர் அதைத் தன் மோசமான பதிவுகளில் ஒன்றாகக் கருதினார். தன்னைப் பற்றிய அவருடைய தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் நல்ல பல பதிவுகளை இழந்துவிடுவோம் என்பதால், புதியவர்கள் அவருடைய கடுமொழிகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தங்கள் காதை நம்பலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: கராயன் நடத்த, வயலின் கலைஞர் ஓய்ஸ்ட்ராக், செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரபோவிச் ஆகியோரோடு 1969இல் பெர்லினில் பதிவான பீத்தோவனின் மூவர் கான்செர்ட்டோ. அட்டையில் உள்ள பெயர்களைப் பார்த்தால் வாங்காமல் இருக்க முடியாது; ஆனால் அந்தப் பதிவை அவர் குறை சொன்னதில் உண்மை இருக்கிறது. அது காத்திருக்கலாம்.

பாக், கூட்டாளிகள்

பாக்கின் 48 ப்ரெலூட் (முன்னுரை போன்ற சிறு படைப்பு), ஃப்யூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறித் தொடரும் படைப்பு) ஜோடிகளையும் 1970 முதல் 1973 வரை சால்ஸ்பர்க்கில் பதிவுசெய்தார். எதையும் முழுத் தொகுதியாகச் செய்யாத ரிக்டர் முழுமையாகச் செய்துகொடுத்த அரிய பணி இது. ஒலி எதிரொலிப்போடு, தேவாலயத்தில் கேட்பதுபோல் இருக்கும். சிலருக்கு இது தடையாகலாம். நாளுக்கு ஒரு ஜோடி என்று காலையில் கேட்டு வருவது நல்ல முறை.

பிறரோடு சேர்ந்து வாசித்தவற்றில் ரோஸ்ட்ரபோவிச்சோடு செய்த பீத்தோவன் செல்லோ சொனாட்டாக்களும், இங்கிலாந்தின் ஆல்ட்பரோ விழாவில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனோடு ஒரே பியானோவில் நான்கு கைகளாக வாசித்த ஷூபெர்ட்டும் முதலில் வரட்டும். 1979இல் பிரான்சின் தூர் விழாவின்போது இளைஞர் ஆந்த்ரெய் கவ்ரீலவோடு ஹேண்டெலின் தொகுதிகளைப் பங்கிட்டு வாசித்தார். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் பக்கம் புரட்டினார். உலகப் புகழ் பெற்றவர் பக்கம் புரட்ட உட்கார்ந்ததைப் பார்த்த சபை எப்படி உணர்ந்திருக்குமோ! தூர் விழாவை 1964இல் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தில் தொடங்கியவரும் அவரே.

கடைசி ஆண்டுகள்

1980 வாக்கில் ரிக்டர் மனப்பாடமாக வாசிப்பதை நிறுத்திவிட்டு, இசைக்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அரங்கம் இருட்டாக இருக்கும். குறிப்பின் மேல் மட்டும் ஒரு சிறு விளக்கு. பார்ப்பவர் தன் முகத்தையும் விரலையும் பார்க்காமல் இசையைக் கேட்க வேண்டும் என்று காரணம் சொன்னார். இன்னொரு காரணமும் இருந்தது: துல்லியமான சுர அறிவு கொண்ட அவருடைய காது, வயதாக ஆக, ஒலிப்பதைவிட உயர்ந்த சுருதியில் கேட்கத் தொடங்கியது. கை ஒரு கட்டையைத் தொட, காது வேறொன்றைச் சொன்னால் மனப்பாடம் எப்படி நிற்கும்?

1986இல், 71 வயதில், மாதக்கணக்கில் சைபீரியா வழியாகச் சாலையில் பயணம் செய்து விளாடிவோஸ்டாக் வரை போய், பியானோ கச்சேரியே கண்டிராத சிற்றூர்களில் வாசித்தார். கடைசிக் கச்சேரி 1995 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் லூபெக்கில். 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் காலமானார். பிற்காலப் பதிவுகளில் ஹேய்டன் சொனாட்டாக்களைத் தேடுங்கள். வேகம் குறைந்திருக்கும், குறும்பு குறைந்திருக்காது. ப்ரூனோ மோன்சேன்ஜோன் எடுத்து 1998இல் வெளியான ஆவணப்படம் ரிக்டரே பேசுவதைக் காட்டுகிறது. அதை இந்த இடத்துக்கு வந்த பிறகு பார்ப்பதே நல்லது. முன்பே பார்த்தால் அந்தக் களைத்த முதியவரின் குரல் இளமைக்காலப் பதிவுகளின் மீதும் படிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் சரிபார்த்தல்

ஒரே பதிவு பல நிறுவனங்களின் பெயரில் விற்கப்படுகிறது. சிலவற்றில் தேதியும் ஊரும் தவறாக அச்சாகியிருக்கும். ரிக்டரின் கச்சேரிகளையும் பதிவுகளையும் தேதிவாரியாக ரசிகர்கள் தொகுத்த பட்டியல்கள் இணையத்தில் உள்ளன. அட்டையில் உள்ள தேதியை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நாளில் அந்த ஊரில் கச்சேரியே இல்லையென்றால் சந்தேகப்படலாம். ஒவ்வொரு பகுதியின் நிமிடமும் நொடியும் வேறொரு வெளியீட்டோடு அச்சாகப் பொருந்தினால், இரண்டும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இருமல் விழும் இடத்தை ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

பழைய ஒலிநாடாவைத் தவறான வேகத்தில் ஓட்டிப் படியெடுத்த வெளியீடுகளும் உண்டு. இவற்றில் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும், காலப்பிரமாணமும் அதற்கேற்ப மாறியிருக்கும். ரிக்டர் விஷயத்தில் வேகமே முக்கியமான செய்தி என்பதால் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது. கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலி இருந்தால் போதும்: டி 960 ஷூபெர்ட்டை எடுத்துக்கொண்டால் ஆறரைக் கட்டையில் ஆதார சட்ஜமத்தை வைத்து, சொனாட்டாவின் முதல் நாதத் திரளை அதோடு சேர்த்துக் கேளுங்கள். அந்தக் காலப் பியானோக்களின் சுருதி ஊருக்கு ஊர் சற்று வேறுபடும் என்பதால் மயிரிழை விலகலைப் பொருட்படுத்த வேண்டாம்; அரைக் கட்டை அளவுக்கு விலகினால் அந்த வெளியீட்டை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.